அக்கா போய் ஒரு மாசம், பிள்ளைங்க ரெண்டு பேரையும் பிரிக்கச் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

காவிரிக்கரை
வணக்கங்க. ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தித்தான் எழுதறேன். நாமக்கல் மாவட்டம்னு மட்டும் வெச்சுக்கங்க.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. போன மாசம் தவறிட்டாங்க. மச்சான் டேங்கர் லாரி ஓட்டினவர், ஆறு வருசம் முந்தியே போயிட்டார். ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. அவர் போனப்ப மஞ்சக்காமாலைன்னு ஊருக்குச் சொன்னோம். இப்ப அக்காவுக்கு டி.பி.ன்னு சொல்லியிருக்கோம். அது பொய்யில்லை, கடைசியில டி.பி. முத்தித்தான் போனாங்க. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தாங்க. தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சதும், கூட இருக்கறவங்க பாத்துருவாங்கன்னு மாத்திரையை விட்டுட்டாங்க. வீட்டுல யாருக்கும் தெரியலை.

பொண்ணுக்கு 14 வயசு, ஒன்பதாவது. பையனுக்கு 9, நாலாவது. பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை. பையனுக்கு இருக்கு, மாத்திரை எடுத்துக்கறான். ரெண்டு பேரும் இப்ப எங்க அம்மாயி வீட்டுல. அம்மாயிக்கு எழுபது தாண்டிருச்சு, ஒரு கண்ணு புரை.

கருமாதி முடிஞ்சு பந்தி நடக்கறப்பவே பிள்ளைங்களோட சித்தப்பன் பேச்சை எடுத்துட்டார். பையனை ஈரோடு பக்கம் ஒரு ஹோம்ல விட்டுறலாம், பொண்ணை நான் பாத்துக்கறேன்னார். மச்சான் பேர்ல ஒண்ணேகால் ஏக்கர் பூமி இருக்கு, கிணத்துல பாதிப் பாத்தியம். அவர் அதைப் பத்தி வாயே திறக்கலை, ஆனா எல்லாருக்கும் அதுதான் மனசுல ஓடுது.

இது போதாதுன்னு பையன் படிக்கற தனியார் பள்ளிக்கூடத்துல யாரோ விசயத்தைச் சொல்லிட்டாங்க. "வேற ஸ்கூல் பாத்துக்கங்களேன்"னு வாய்வார்த்தையா சொல்லியிருக்காங்க.

நான் பெங்களூர்ல இருக்கறேன், வாடகை வீடு, எனக்கும் ரெண்டு குழந்தைங்க. ஹோம்ல விட்டா நல்லதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையதறி
கேட்க வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எழுபது வயசுக் கிழவி இன்னும் எத்தனை வருசம் பாப்பாங்க? ஹோம்ல நேரத்துக்குச் சோறு, மாத்திரை, படிப்பு கிடைக்கும். அதே மாதிரி பிள்ளைங்க நாலு பேரு கூட இருந்தா இவனுக்கும் கூச்சம் இருக்காது. பாசம் பாசம்னு பேசிட்டு ரெண்டு வருசம் கழிச்சு அம்மாயியும் போய்ட்டா, அப்ப நடுத்தெருவுல நிக்கணும். இப்பவே விட்டுடறதுதான் புத்திசாலித்தனம்.

பழைய_ஆலோசகர்
எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலும், அப்புறம் அதற்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மையத்திலும் ஆலோசகராக இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் பையனின் மாத்திரை. சாவு வீட்டுச் சந்தடியில் ஒரு வாரம், பத்து நாள் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை அம்மா இறந்த மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு மருந்து தவறும். ஏனென்றால் டப்பா எங்கே இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அரிசிப் பானைக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று ஒளித்து வைத்திருப்பார்கள். தேடி எடுத்து, மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மையத்தில் கொடுத்த தேதியோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, பொண்ணுக்கு நெகட்டிவ், பையனுக்கு பாசிட்டிவ் எப்படி என்று சொந்தத்தில் யாராவது கேட்டு அக்காவைப் பற்றித் தப்பாகப் பேசியிருப்பார்கள். கர்ப்பத்தில் செய்த சோதனையில் நெகட்டிவ் என்று வந்து, பால் கொடுக்கும் காலத்தில் கணவனிடமிருந்து தொற்றி, அது பிள்ளைக்குப் போவது உண்டு. மருந்தே இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் 100-க்கு 15 முதல் 45 பேருக்குத்தான் தொற்றும். மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே. ஆகவே அப்பா அம்மா இரண்டு பேரும் எய்ட்ஸில் போன வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கும் என்று ஊர் நினைப்பது சுத்தத் தப்பு. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஒதுக்குவது மட்டும் எல்லோரையும் ஒரே மாதிரி ஒதுக்குகிறார்கள்.

ஹோம் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பழையதறி சொன்னதற்குப் பதில் இருக்கிறது.

காவிரிக்கரை
நீங்க சொன்னது அப்படியே நடந்திருக்குங்க. அம்மாயிகிட்ட போன்ல கேட்டேன். துணி பீரோவுல பழைய புடவை மடிப்புல இருந்துச்சாம். நாலு நாள் விட்டிருக்கு. இப்ப பொண்ணு எடுத்துக் குடுக்கறா. பயப்பட வேண்டியதா?

பழைய_ஆலோசகர்
நாலு நாளுக்குப் பயப்பட வேண்டாம், தொடருங்கள். ஆனால் மையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடிக்கடி விட்டு விட்டு எடுத்தால்தான் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு சோதனை வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள், கடைசியாக எப்போது என்று புத்தகத்தில் பாருங்கள்.

மூலிகைநேசன்
இங்கிலீஷ் மாத்திரை சாகும்வரை தின்னணும், கல்லீரல் போயிரும். எங்க பக்கம் ஒரு வைத்தியர் ஒரு மண்டலம் மருந்து குடுத்து நெகட்டிவ் ஆக்கியிருக்காரு. விருப்பம் இருந்தா தனிமடல்ல வாங்க. [மருந்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன – மட்டுறுத்துநர்]

பழைய_ஆலோசகர்
இந்த "நெகட்டிவ் ஆக்கிட்டேன்" வைத்தியர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எங்களிடம் வந்தவர்களை எண்ண முடியாது. சிலர் வரவே இல்லை. மாத்திரை இலவசம், அரசாங்கம் கொடுக்கிறது. அதை நிறுத்தச் சொல்கிற யாரையும் அந்த வீட்டு வாசப்படி ஏறவிடாதீர்கள்.

லாரிப்பட்டறை
நாமக்கல்னு பார்த்ததும் எழுதத் தோணுச்சு. நான் பாடி கட்டற பட்டறையில முப்பது வருசத்துக்கு மேல இருக்கறவன்.

86-ல மெட்ராஸ்லதான் இந்தியாவுலயே முதல்ல இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க. டாக்டர் சுனிதி சாலமனும் அவங்ககிட்ட படிச்ச நிர்மலாவும் ரத்தம் சேகரிச்சு, வேலூர்ல சோதனை பண்ணினாங்க. அப்ப நாங்க அதை யாரோ மெட்ராஸ்காரங்க சமாச்சாரம்னு நினைச்சோம். பத்து வருசத்துல எங்க தெருவுக்கே வந்துருச்சு. பம்பாய் லைன், கல்கத்தா லைன்னு போனா வண்டி திரும்ப இருபது நாள், ஒரு மாசம். லோடு கிடைக்காம டாபாவுல கிடக்கற நாளு வேற. இளந்தாரி டிரைவர்ங்க இளைச்சு இளைச்சு வந்தாங்க. தொண்ணூறுகள் கடைசியில ஒரே வீட்டுல அண்ணன், தம்பி, மருமகள்னு வரிசையா போனதைப் பாத்திருக்கேன். பிள்ளைங்க என்ன ஆச்சுன்னு யாரும் பேசமாட்டாங்க. சில பேரு சொந்தத்துல, சில பேரு கோழிப்பண்ணையில முட்டை பொறுக்க, சில பேரு எங்க போனாங்கன்னே தெரியாது.

அப்ப மருந்து இருந்தது, வாங்கத்தான் முடியாது. ஒரு மாச மாத்திரைக்கு ஒரு டிரைவரோட மாசச் சம்பளம் மொத்தமும் பத்தாது. 2001-ல சிப்லா கம்பெனி ஆப்பிரிக்காவுக்கு நாளுக்கு ஒரு டாலர் கணக்குல தரேன்னு சொன்னப்புறம்தான் விலை இறங்குச்சு. 2004 ஏப்ரல்ல தாம்பரம் சானடோரியத்துல இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க, மொதல்ல திறந்த எட்டு மையத்துல அது ஒண்ணு. இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய் விடியக்காத்தால க்யூவுல நிப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல தெரிஞ்ச மூஞ்சி பாத்தா ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்குவாங்க. குழந்தைங்களுக்குத் தனி மருந்துத் திட்டம் 2006 கடைசியிலதான் வந்துச்சு. அது வரைக்கும் பெரியவங்க மாத்திரையை உடைச்சுக் குடுத்த காலம்.

எங்க மாவட்டத்துப் பொண்ணு கௌசல்யா, லாரிக்காரருக்கு வாக்கப்பட்டு இந்த நோயை வாங்கினவங்க. மறைக்காம வெளிய வந்து பேசினாங்க. 1998-ல சென்னையில பாசிட்டிவ் பொம்பளைங்களுக்குன்னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல அதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு இப்ப இருக்கறவங்களுக்குப் புரியாது.

அப்புறம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" ஞாபகம் இருக்கா? சுவர் சுவரா எழுதினாங்க. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு வந்த அந்த விளம்பரம் பெரிய வெற்றி, இல்லைன்னு சொல்லலை, நிறைய பேருக்குப் புத்தி வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் எய்ட்ஸ்ல செத்தவன் பையன் தெருவுல நடந்தா "புள்ளிராஜா மவன்"னு கூப்பிட்டாங்க. அப்பன் எப்படிச் செத்தான்னு பிள்ளைக்கே தெரியாது, தெருவுக்குத் தெரியும். அந்த விளம்பரம் பண்ணினவங்க பிள்ளைங்களைப் பத்தி ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம்.

வக்கீல்குமாஸ்தா
நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த மாதிரி விவகாரங்களில் பாதி அங்கேதான் முடிச்சு.

கேள்வி ஒன்று: மச்சானின் அம்மா, அதாவது பிள்ளைகளின் அப்பாயி, உயிரோடு இருக்கிறாரா? கேள்வி இரண்டு: நிலம் அவர் சொந்தமாகக் கிரயம் வாங்கியதா, பாகப்பிரிவினையில் வந்ததா?

காவிரிக்கரை
அப்பாயி இருக்காங்க, சித்தப்பன் வீட்டுலதான் இருக்காங்க. பூமி மச்சான் டேங்கர் ஓட்டின காசுல வாங்கினது, பத்திரம் அக்கா பொட்டியில இருக்கு. பட்டா இன்னும் மச்சான் பேர்லயே இருக்கு, மாத்தவே இல்லை.

வக்கீல்குமாஸ்தா
அப்படியானால் கணக்கு இது. மச்சான் இறந்த அன்றே நிலம் நான்கு பங்கு: மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர் அம்மா. இப்போது உங்கள் அக்காவின் பங்கும் பிள்ளைகளுக்கே வரும். ஆக முக்கால் பங்கு பிள்ளைகளுடையது, கால் பங்கு அப்பாயியுடையது. சித்தப்பாவுக்கு நேரடியாக ஒரு சென்ட் கூடக் கிடையாது. அவர் அம்மாவின் கால் பங்கை வைத்துக்கொண்டு உள்ளே வரப் பார்ப்பார். அதற்காகத்தான் கேட்டேன்.

"பொண்ணை நான் பாத்துக்கறேன்" என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவரே கார்டியன் என்று பத்திர ஆபீசில் சொல்லிக்கொள்வார்கள். சட்டப்படி அது செல்லாது. 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வெறுமனே வளர்க்கிறேன் என்ற காரணத்தால் யாரும் மைனர் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்கிறது. பெற்ற அப்பாவே விற்பதானாலும் கோர்ட் அனுமதி வேண்டும். ஆனால் செல்லாத பத்திரத்தையும் பதிவு செய்துவிட்டால் பிள்ளைகள் வளர்ந்து பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஆகவே இப்போதே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சார்பதிவாளருக்கு, மைனர்கள் பங்கு இருக்கிறது என்று ஒரு ஆட்சேப மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

பலரும் வாரிசு சான்றிதழுக்கே போகாமல் இருப்பதற்கு ஒரு பயம் காரணம்: இறப்புச் சான்றிதழில் "எய்ட்ஸ்" என்று போட்டிருக்குமோ, ஊர் வி.ஏ.ஓ. பார்த்துவிடுவாரோ என்று. போட்டிருக்காது. பொதுமக்களுக்குக் கொடுக்கும் இறப்புச் சான்றில் சாவுக்கான காரணத்தைக் காட்டக்கூடாது என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. இது தெரியாமல் பட்டா மாற்றாமலே விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். உங்கள் அக்காவும் அப்படித்தான் விட்டிருப்பார்.

இன்னொன்று, 2017-ல் வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு முழுக்க இந்தப் பிள்ளைகளின் சொத்துக்காகவே எழுதியது. பத்திரம், பட்டாவை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் பத்திரமாக ஒப்படைக்கலாம். யாராவது நிலத்தில் புகுந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். பொட்டியில் இருக்கும் பத்திரத்தை முதலில் அங்கே சேர்த்துவிடுங்கள். அம்மாயி வீட்டில் இருந்தால் ஒரு நாள் "பாத்துட்டு தரேன்" என்று வாங்கிப் போய்விடுவார்கள்.

ஓரப்பார்வை
அந்தச் சட்டத்துல இன்னொரு வேடிக்கையும் இருக்கே. 12 வயசு ஆன அக்காவோ அண்ணனோ தம்பி தங்கச்சிக்குக் கார்டியனா இருக்கலாம்னு. ஒன்பதாவது படிக்கற பொண்ணு தம்பிக்குக் கார்டியனா? ஸ்கூல் அட்மிஷன், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் இவ கையெழுத்தா? பெரியவங்க செய்ய வேண்டியதைச் செய்யாம குழந்தை தலையில கட்டற வேலை இது.

வக்கீல்குமாஸ்தா
வேடிக்கை இல்லை. பெரியவர்களே இல்லாமல், மூத்த பிள்ளை குடும்பம் நடத்தும் வீடுகள் நிஜமாகவே இருந்தன. அந்தப் பிள்ளையிடம் "கார்டியனைக் கூட்டிட்டு வா" என்று ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் திருப்பி அனுப்பினார்கள். அதற்காக வைத்த கதவு அது. குடும்பத்தை அவள்தான் நடத்துகிறாள், விவரம் தெரிந்த பெண் என்ற நிலையில்தான் பொருந்தும். இங்கே அம்மாயி இருக்கிறார், தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அவரையே காப்பாளராக நியமிக்கக் கேட்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தங்கள் பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்று எழுதி வைக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதைப் படிக்கிற பாசிட்டிவ் பெற்றோர் யாராவது இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

அம்மாச்சிவீடு
ரொம்ப நேரமா யோசிச்சு யோசிச்சு எழுதுறேன். நான் தேனிப் பக்கம். எனக்கு 24 வயசு. நானும் பாசிட்டிவ்தான். அப்பா முதல்ல, அம்மா ரெண்டு வருசம் கழிச்சு. கொஞ்ச காலம் அம்மாச்சிகூட இருந்தேன், அதுக்கப்புறம் ஹோம்ல வளர்ந்தேன். அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

ஹோம் மோசம்னு நான் சொல்லமாட்டேன். காலையில எட்டு மணிக்கு மணி அடிக்கும், வரிசையா நிப்போம், சிஸ்டர் கையில ஒண்ணொண்ணா மாத்திரை வைப்பாங்க, வாயைத் திறந்து காட்டணும். அந்த மணி ஒரு நாள்கூடத் தவறினதில்ல. நான் இன்னைக்கு உசுரோட இருக்க அந்த மணி ஒரு காரணம்.

ஆனா என் தம்பி நெகட்டிவ். அவனை அங்க சேத்துக்கல, வேற ஹாஸ்டல்ல போட்டுட்டாங்க. பொங்கலுக்கும் மே மாச லீவுக்கும் பாத்துக்குவோம். முதல் வருசம் கட்டிப்பிடிச்சு அழுதான். அப்புறம் அப்புறம், கல்யாண வீட்டுல பாத்துக்கிட்ட தூரத்துச் சொந்தம் மாதிரி "நல்லாருக்கியா, என்ன படிக்கிற"ன்னு பேசிக்கிட்டோம். இப்பவும் அப்படித்தான். அம்மா முகம் எனக்கு மறந்துபோச்சு, அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்கக்கூட வெக்கமா இருக்கு.

அண்ணே, ரெண்டு பேரையும் பிரிக்காதீங்க. அந்தப் பொண்ணு தம்பிக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறான்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும்தான் எழுதணும்னு தோணுச்சு.

பழையதறி
உங்க கதையைப் படிச்சேன் தங்கச்சி. நான் பிரிக்கச் சொல்லலை, ரெண்டு பேரையும் சேத்து ஹோம்ல விடலாமே? அம்மாயிக்கு அப்புறம் யாருங்கற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே.

பழைய_ஆலோசகர்
நியாயமான கேள்விதான். பாசிட்டிவ் பிள்ளைகளையும் நெகட்டிவ் உடன்பிறப்பையும், அதுவும் அக்காவையும் தம்பியையும், ஒரே கூரையின் கீழ் வைக்கிற இல்லங்கள் குறைவு. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை தனித்தனி என்பதே முதல் தடை. சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழி என்றுதான் வைத்திருக்கிறது. சித்தப்பா சொன்ன ஈரோடு இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். சொந்தக்காரர் நேரே கொண்டுபோய் விட்டுவிட்டு வர அது சத்திரம் இல்லை, குழந்தைகள் நலக் குழு உத்தரவு வேண்டும்.

18 முடிந்ததும் ஹோமிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதையும் யோசியுங்கள். சிலருக்கு 21 வரை பின்பராமரிப்பு உதவி கிடைக்கும், அவ்வளவுதான். அப்போது போக ஒரு வீடு வேண்டும். அம்மாயி வீட்டு வேர் அறுந்துபோன பிள்ளைக்கு அந்த வீடு இருக்காது.

அம்மாயிக்கு அப்புறம் யார் என்றால், அதை இப்போதே சொந்தத்தில் உட்கார்ந்து பேசி, ஒரு ஆளைச் சொல்லி வைக்க வேண்டும். அது நீங்களாகக்கூட இருக்கலாம் காவிரிக்கரை. பெங்களூருக்குக் கூட்டிப் போகாவிட்டாலும் மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே சித்தப்பா பேச்சு மாறும்.

காசுக்கு: மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் உண்டு. தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. கிராமத்தில் வருஷ வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும், அம்மாயி வீட்டில் அது பிரச்சினை இல்லை. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் இரண்டு பெற்றோரையும் இழந்தவர்களுக்கு 18 வயது வரை மாதம் 2000. இரண்டில் எதற்குப் போடலாம் என்று அலகிலேயே சொல்வார்கள். தவிர, எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்றே 2009-ல் அரசு 5 கோடி ரூபாய் போட்டு ஒரு அறக்கட்டளை வைத்தது, அதன் வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவி. ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் கேட்டால் படிவம் கிடைக்கும். பொண்ணு நெகட்டிவ் என்பதால் அவளுக்கு இல்லை என்று நினைக்காதீர்கள், அவளுக்கும் கேளுங்கள்.

அஞ்சாம்வகுப்பு
அரசுப் பள்ளி ஆசிரியை. ஸ்கூல் விஷயத்துக்கு மட்டும் பதில்.

அவங்க சொன்னதை எழுதிக் கேளுங்க. எழுதித் தரமாட்டாங்க, ஏன்னா எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளியேத்தக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் இருக்கு. எச்.ஐ.வி. சட்டத்துலயும் இதைக் காரணமா வெச்சுப் படிப்பை மறுக்கக் கூடாதுன்னு இருக்கு. மாநில அரசு வெச்சிருக்கற குறைதீர் அதிகாரிக்குப் புகார் போகலாம், 30 நாளுக்குள்ள அவர் உத்தரவு போடணும். பிள்ளையோட நிலையைப் பள்ளிக்குச் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. புதுப் பள்ளியில சொல்லாதீங்க.

இத்தனையும் சொல்லிட்டு, என் சொந்த அபிப்பிராயம்: அந்த ஸ்கூல்ல அவனை வெச்சுப் போராடாதீங்க. ஒன்பது வயசுப் பையன் தினமும் அந்த பெஞ்சுல உக்காரணும். ஜெயிச்சாலும் டிபன் பாக்ஸ் திறக்கறப்ப பக்கத்துல இருக்கறவன் தள்ளி உக்காந்தா எந்தக் கோர்ட்டு என்ன பண்ணும்? பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில சேருங்க. டி.சி. வர லேட்டானாலும் சேத்துக்கணும், அதைக் காட்டி அட்மிஷனைத் தள்ளிப்போட முடியாது.

ஓரப்பார்வை
டீச்சர், எல்லாரும் இப்படி ஒதுங்கிப் போனா அந்த ஸ்கூல் அடுத்த பிள்ளைக்கும் அதையேதான் செய்யும். தென்னாப்பிரிக்காவுல என்கோசி ஜான்சன்னு ஒரு பையன், 1997-ல ஸ்கூல்ல சேக்கறதுக்குத் தகராறு வந்துச்சு. வளர்த்த அம்மா விடலை. அதுல இருந்துதான் அந்த நாட்டுல பள்ளிகளுக்கே கொள்கை வந்துச்சு. 2000-த்துல டர்பன் எய்ட்ஸ் மாநாட்டு மேடையில அந்தப் பையன் பேசினதை உலகமே பாத்துச்சு.

அஞ்சாம்வகுப்பு
பாத்துச்சு. அடுத்த வருசமே, 12 வயசுல இறந்தும் போனான். போராட வேண்டியது நாம, ஓரப்பார்வை. பையனை வேற இடத்துல சேத்துட்டு, பெரியவங்க புகார் குடுக்கட்டும். 2003-ல கேரளாவுல இப்படி ஒதுக்கின ரெண்டு குழந்தைங்களை அப்ப மத்திய சுகாதார அமைச்சரா இருந்த சுஷ்மா சுவராஜ் கேமரா முன்னாடி கட்டிப்பிடிச்சாங்க. நல்ல காரியம்தான். ஆனா அந்தக் குழந்தைங்க முகமும் பேரும் அன்னைக்கு நாடு பூரா தெரிஞ்சுபோச்சே, அதை யார் திருப்பி எடுக்க முடியும்?

காவிரிக்கரை
எல்லாருக்கும் நன்றிங்க. லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வந்தேன்.

வில்லங்கம் போட்டுப் பாத்தோம், இன்னும் சுத்தமாத்தான் இருக்கு. ஆட்சேப மனு குடுத்தாச்சு. பத்திரத்தைக் குழந்தைகள் நலக் குழுவுல ஒப்படைச்சு ரசீது வாங்கியாச்சு. சித்தப்பனுக்கு இது தெரிஞ்சதும் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார், "என்னை நம்பாம கவர்மெண்ட நம்பறீங்களா"ன்னு. அப்பாயியும் கூட வந்திருந்தாங்க. அவங்க வாயே திறக்கலை, பையனை மட்டும் பக்கத்துல இழுத்து உக்கார வெச்சுக்கிட்டாங்க. கிளம்பறப்ப எங்கிட்ட தனியா "என் பங்கையும் இவங்களுக்கே எழுதிறலாமா"ன்னு கேட்டாங்க. இதுக்கு என்ன பண்றதுங்க?

பையனைப் பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம். பழைய ஸ்கூல் மேல புகார் நான் என் பேர்ல குடுக்கப் போறேன்.

வக்கீல்குமாஸ்தா
அப்பாயி மனசு மாறுவதற்குள்ளோ மாற்றப்படுவதற்குள்ளோ செய்துவிடுங்கள். உயில் வேண்டாம், உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுத வைக்கலாம். தானப் பத்திரமாக, பதிவு செய்து. ஆனால் அவரைச் சித்தப்பா வீட்டிலிருந்து துரத்திவிட்டால் எங்கே இருப்பார் என்பதையும் யோசித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். ஊரில் நல்ல பத்திர எழுத்தர் இருப்பார், என்றாலும் வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் செலவில்லாமல் ஆள் கிடைக்கும்.

காவிரிக்கரை
சரிங்க. இன்னொண்ணு. பையனுக்கு என்ன நோய்னு அவனுக்கு இன்னும் தெரியாது. "சளி மாத்திரை"ன்னு அக்கா சொல்லி வெச்சிருக்காங்க. பொண்ணுக்குத் தெரியும். ஊர்ல இருந்தப்ப பையன் எங்கிட்ட கேட்டான், "எனக்குச் சளியே இல்லையே மாமா, அப்புறம் ஏன் தினமும்?"னு. நான் பேச்சை மாத்திட்டேன். எப்பச் சொல்றது, யார் சொல்றது?

அம்மாச்சிவீடு
எனக்கும் "ரத்தம் ஊற மாத்திரை"ன்னுதான் சொல்லியிருந்தாங்க. பன்னெண்டு வயசுல ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தப்ப சுவத்துல ஒரு போஸ்டர். அதுல இருந்த மாத்திரை பேரும் என் டப்பா மேல இருந்த பேரும் ஒண்ணா இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சு, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன். கீழ பெருசா எய்ட்ஸ்னு போட்டிருந்துச்சு. யாருகிட்டயும் கேக்கல. மூணு வருசம் யாருகிட்டயும் கேக்கல. அதுக்கப்புறம் கோவத்துல மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சு, வெளிய போய்த் துப்ப ஆரம்பிச்சேன். உடம்பு படுத்தப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. இப்ப ஒழுங்கா எடுக்குறேன், வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுல இருக்கு.

அவனாக் கேட்டுட்டான்ல, இனிமே "சளி"ன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா.

பழைய_ஆலோசகர்
அவர் சொன்னதுதான் சரி. பள்ளி வயதுக்குள், அதாவது 6 முதல் 12 வயதுக்குள், படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். முதலில் நோயின் பெயர் இல்லாமல்: "உன் ரத்தத்துல ஒரு கிருமி தூங்குது, இந்த மாத்திரை போட்டா அது எந்திரிக்காது. விட்டா எந்திரிக்கும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. பின்னால் பெயரைச் சொல்லும்போது முன்னால் சொன்னதை மாற்ற வேண்டியிருக்காது. அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் தயாராக இருங்கள். "மாத்திரையை விட்டுட்டதாலதான் அம்மா செத்தாங்க" என்று அவனைப் பயமுறுத்த அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பையனின் அக்காவைச் சொல்ல வைக்காதீர்கள். அவள் ஏற்கெனவே மாத்திரைக்குப் பொறுப்பு எடுத்திருக்கிறாள், போதும். மையத்து ஆலோசகர் முன்னால், நீங்களும் கூட இருந்து சொல்லுங்கள்.

மாத்திரை கொடுக்கும் வேலையையும் அம்மாயியோடு சேர்த்துப் பங்கு போடுங்கள். அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் வாரத்துக்கு ஏழு கண்ணறை உள்ள பிளாஸ்டிக் டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பொண்ணு நிரப்பி வைக்கட்டும், தினமும் எடுத்துக் கொடுப்பது அம்மாயி. காலியாக இருக்கிறதா என்று கையால் தடவியே தெரிந்துகொள்வார். புரைக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து மருந்து வாங்கும் தேதி எப்போது?

காவிரிக்கரை
புத்தகத்துல 18-ன்னு போட்டிருக்கு, வியாழக்கிழமை. நான் புதன் ராத்திரி பஸ் ஏறிர்றேன். பொண்ணுக்கு அன்னிக்குப் பரீட்சை, அவளை விட்டுட்டு நானும் அம்மாயியும் பையனும் போறோம்.

பழைய_ஆலோசகர்
நல்லது. இனி தொடர்புக்கு அம்மாவின் எண்ணுக்குப் பதில் உங்கள் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேதி தவறினால் மையத்திலிருந்து அக்காவின் பழைய போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த போன் இப்போது யாரிடம் இருக்கிறது?

காவிரிக்கரை
சித்தப்பன்கிட்ட இருக்குங்க. வாங்கிர்றேன்.